ஜூரிக்குச் சொல்லப்பட்டது

நான் பையனாக இருந்தபோது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு கிழவர் தறி போட்டிருந்தார். குழியில் இறங்கி உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்கமாட்டார். நெய்யும்போது பாகவதர் பாட்டு. பாட்டு ஓய்ந்தால் பாகவதர் வழக்கு. காஞ்சிபுரத்தின் பழைய தறிக்காரர்களில் பலருக்கு அந்த வழக்கு மனப்பாடம். கிழவருடைய கதையில் ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறும். சாட்சிகள் கூடுவார்கள், குறைவார்கள். லண்டனிலிருந்து தந்தி வரும் நாள் மாறும். ஒரு வாக்கியம் மட்டும் மாறாது: "ஜூரி என்ன பண்ணும் தம்பி, ஜட்ஜ் துரை சொன்னதைக் கேட்டுத்தானே அது பேசும்."

பல வருஷங்கள் கழித்துச் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது, கிழவர் சொன்னது பாதி தவறு, பாதி மிகவும் சரி என்று தெரிந்தது. அந்தச் சரியான பாதியைப் பற்றி நம்மிடையே யாரும் எழுதவில்லையே என்ற குறைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு தமிழில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவை ஒரு நட்சத்திரத்தின் வீழ்ச்சிக் கதைகள்: தங்கத் தட்டு, வைர மோதிரம், பிறகு சிறை, பிறகு வறுமை. புராணத்தில் விதி இருந்த இடத்தை இவற்றில் கோர்ட் பிடித்துக்கொண்டது. கோர்ட்டில் என்ன சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்பட்டது, அதை மேல்கோர்ட் எந்த உரிமையோடு கேள்வி கேட்டது என்ற விஷயங்கள் இந்தக் கதைகளுக்குத் தேவைப்படவில்லை.

*

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1944 அக்டோபர் 16 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதல் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கடந்த நிலையில், நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த சி. என். லக்ஷ்மிகாந்தன் குத்தப்பட்டார். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடுத்த மாதம் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் மற்றவர்களோடு கைதானார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நாயுடு விடுவிக்கப்பட்டார். ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. 1945 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஜூரி, குற்றவாளிகள் என்றது. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அதே ஆண்டு மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பிரிவி கவுன்சில் 1947ல் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து, மறுபடி கேட்கும்படி ஹைகோர்ட்டுக்கே அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் கேட்டார்கள், வி. எல். எத்திராஜ் வாதாடினார். ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். சிறையில் கழிந்தவை இரண்டு வருஷங்களுக்கு மேல்.

இதில் 'ஆறுக்கு மூன்று' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த நாளில் ஜூரியின் பன்னிரண்டு பேரும் ஒருமித்தால்தான் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். சென்னை ஹைகோர்ட்டில் ஜூரிக்கு ஒன்பது பேர். 1898ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின்படி அவர்களில் ஆறு பேர் ஒரு கருத்தாக இருந்து, நீதிபதியும் ஒத்துக்கொண்டால் போதும். சட்டம் கேட்ட குறைந்தபட்சம் ஆறு, வந்ததும் ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர் மாறியிருந்தால் அந்த விசாரணையில் தண்டனை விதிக்க வழியில்லை. அந்த ஒருவர் என்ன கேட்டார், எதை நம்பினார் என்பதை அறியவும் வழியில்லை. ஜூரி காரணம் சொல்வதில்லை.

*

ஜூரி விசாரணையில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடந்தது என்ன என்று முடிவு செய்வது ஜூரி. சட்டம் என்ன என்று சொல்வது நீதிபதி. இரண்டு பக்க வாதமும் முடிந்த பிறகு நீதிபதி ஜூரியைப் பார்த்துப் பேசுவார். சாட்சியத்தைத் தொகுத்துக் காட்டி, எந்தச் சட்டத்தின் வழியாக அதைப் பார்க்க வேண்டும் என்று விளக்குவார். வக்கீல்கள் இதைச் 'சார்ஜ்' என்பார்கள். கிழவர் சொன்ன 'ஜட்ஜ் துரை சொன்னது' இதுதான். ஜூரி அதற்குக் கட்டுப்பட்டது சட்டத்தைப் பொறுத்தவரை மட்டுமே. நிகழ்ச்சியைப் பொறுத்தவரை நீதிபதி தன் அபிப்பிராயத்தை வெளியிடலாம்; ஜூரி அதை ஏற்றாலும் சரி, தள்ளினாலும் சரி. கிழவர் தவறிய இடம் இது.

அவர் சொன்னதில் சரியான பாதி இதற்குப் பின்னால் இருக்கிறது. ஜூரி விசாரணையில் தீர்ப்புரை எழுத வேண்டியதில்லை. மாவட்ட ஸெஷன்ஸ் கோர்ட்டானால் நீதிபதி தன் உரையின் தலைப்புகளைக் குறித்துவைத்தால் போதும். ஒரு மனிதனின் உயிரோ ஆயுளோ 'குற்றவாளி' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது; அதற்குப் பின்னால் எந்த எழுத்தும் இல்லை. மேல்கோர்ட் கையில் எடுத்து வாசிக்கக்கூடிய ஒரே பிரதி, ஜூரிக்கு நீதிபதி சொன்னது. ஒன்பது பேர் மனதில் நடந்ததை யாரும் வாசிக்க முடியாது. அவர்கள் காதில் விழுந்ததை வாசிக்கலாம்; அதில் பிழை இருந்தால், கேட்டவர்களின் முடிவிலும் பிழை இருக்கலாம் என்று வாதிடலாம். 'மிஸ்டைரக்ஷன்' என்று வக்கீல்கள் சொன்னது இதைத்தான். மாவட்டத்து ஜூரித் தீர்ப்பை ஹைகோர்ட் கலைக்க வேண்டுமானால், நீதிபதி தவறாக வழிகாட்டினார், அல்லது அவர் சொன்ன சட்டத்தை ஜூரி தவறாகப் புரிந்துகொண்டது, அதனால் தீர்ப்பு பிழையாயிற்று என்று காட்ட வேண்டும். சாட்சி பொய் என்று ஹைகோர்ட்டுக்குத் தோன்றினால் மட்டும் போதாது.

ஆகவே ஜூரி வழக்கின் மேல்முறையீடு ஒருவகையில் விமர்சனக் காரியம். விமர்சகன் எடுத்துக்கொள்ளும் பிரதி இங்கே ஒரு உரை. கவனிக்க வேண்டியது அதில் என்ன சொல்லப்பட்டது என்பது மட்டுமல்ல. எது சொல்லாமல் விடப்பட்டது, எது சொல்லப்பட்டும் அழுத்தம் பெறவில்லை, சாதாரண மனிதன் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்பதெல்லாம் சேர்ந்தது.

*

இந்தச் சட்டத்துக்கு ஒரு பூகோளமும் உண்டு. காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. இங்கே ஒரு கொலை நடந்தால் வழக்கு செங்கல்பட்டு ஸெஷன்ஸுக்குப் போகும். சென்னை ராஜதானியின் மாவட்டங்களில் கொலை வழக்குகள் பெரும்பாலும் ஜூரி இல்லாமல் அஸெஸர்களோடு நடந்தன. அஸெஸர்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். நீதிபதி அதைக் கேட்க வேண்டுமென்று கட்டாயமில்லை. கோர்ட்டுக்கு வந்து கௌரவமாக உட்கார்ந்துவிட்டுப் போவது என்ற அளவில் அந்த ஸ்தாபனம் தேய்ந்து, 1955ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தில் ஒழிந்தது. வேப்பேரியில் குத்து விழுந்தால் கதை வேறு. சென்னைப் பட்டணத்தின் கொலை நேராக ஹைகோர்ட்டுக்குப் போகும். அங்கே ஒன்பது பேர் ஜூரி, மேலே ஹைகோர்ட் நீதிபதி. பட்டணத்துக்காரனுக்குக் கிடைத்த சலுகை என்று இதை நினைப்பது இயல்பு.

ஆனால் தண்டனை விழுந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. செங்கல்பட்டில் தண்டனை பெற்ற நெசவாளி சட்டம், நிகழ்ச்சி இரண்டின்மேலும் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். தூக்கு என்றால் அவன் கேட்காமலே ஹைகோர்ட் அதைப் பரிசீலித்து உறுதி செய்தாக வேண்டும். பட்டணத்தில் ஹைகோர்ட்டே ஜூரியோடு தண்டித்தவனுக்கோ 1943வரை முறையான அப்பீல் என்பதே கிடையாது. சட்டப் பிரச்னை ஏதேனும் தனியாக ஒதுக்கப்பட்டாலோ, அட்வகேட் ஜெனரல் சான்று கொடுத்தாலோதான் கதவு திறக்கும். ஜூரி என்ற பெரிய பாதுகாப்பு இருப்பதால் சிறிய பாதுகாப்பு வேண்டியதில்லை என்று நினைத்தார்கள் போலும்.

1943ல்தான் 411-ஏ என்ற புதிய பிரிவு வந்தது. ஹைகோர்ட்டின் ஸெஷன்ஸில் தண்டனை பெற்றவன் சட்டப் பிரச்னையில் உரிமையாகவும், நிகழ்ச்சிப் பிரச்னையில் அனுமதியோ நீதிபதியின் சான்றோ பெற்றும் அப்பீல் செய்யலாம் என்று அது சொல்லிற்று. மிஸ்டைரக்ஷன் இருந்தால்தான் ஜூரித் தீர்ப்பைத் தொடலாம் என்ற பழைய வேலியைத் தாண்டியே அந்தப் பிரிவு எழுதப்பட்டிருந்தது. வேப்பேரிக் கொலை நடந்தபோது அதற்கு வயது ஒன்று. கொலை மூன்று வருஷம் முன்னால் நடந்திருந்தால், பாகவதரின் முறையீட்டுக்கு இந்தக் கதவே இருந்திராது.

*

வழக்கின் மையத்தில் இருந்தது அப்ரூவர் சாட்சியம். சதியில் தானும் இருந்ததாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவன் அப்ரூவர். இவனைப் பற்றி 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் இரண்டு இடங்களில் இரண்டு குரல்களில் பேசியது. 133ஆம் பிரிவு: உடந்தையாளியின் சாட்சியத்துக்கு வேறு துணை இல்லை என்பதற்காக மட்டும் தண்டனை சட்டவிரோதமாகிவிடாது. 114ஆம் பிரிவின் உதாரணம் ஒன்று: முக்கியமான விவரங்களில் வேறு சாட்சியம் துணைநின்றாலன்றி உடந்தையாளி நம்பத்தகாதவன் என்று கோர்ட் அனுமானிக்கலாம். முதலாவது அனுமதி, இரண்டாவது எச்சரிக்கை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில், சட்டம் படிக்காத ஒன்பது பேருக்கு, ஒன்று மற்றதை விழுங்கிவிடாதபடி சொல்ல வேண்டும். அனுமதியை அழுத்திச் சொன்னால் எச்சரிக்கை சம்பிரதாயமாகிவிடும். எச்சரிக்கையை மட்டும் சொன்னால் சட்டத்தைத் திருத்தி எழுதியதாகும். நீதிபதியின் உரையில் மிகக் கடினமான வாக்கியங்கள் இவை.

துணைச் சாட்சியம் என்றால் என்ன என்பதிலும் நுட்பம் உண்டு. கொலை நடந்தது, இந்த இடத்தில், இந்த நேரத்தில் என்று அப்ரூவர் சொன்னதை வேறு பத்துப் பேர் சொன்னாலும் அது போதாது. கொலை நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததே. குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவனையும் தனித்தனியே அந்தக் கொலையோடு பிணைக்கும் சுதந்திரமான சாட்சியம் வேண்டும். எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடாக்களில் ஊடை ஓடும். இரண்டும் சந்திக்கிற கோட்டில் இழைக்கு இழை பிணைத்தால்தான் அது ஒரே துணி. கை தெரிந்தவர் சேலையை எடுத்ததும் உடலின் மினுமினுப்பைப் பார்ப்பதில்லை. கோர்வையில் விரல் வைத்து இழுத்துப் பார்ப்பார். அப்ரூவர் சாட்சியத்தை வாசிக்கும் முறையும் அதுவே. கதை எவ்வளவு அழகாக ஓடுகிறது என்பதில் விசேஷம் இல்லை. ஆள் கதையோடு சேருமிடம் தாங்குகிறதா என்பதே கேள்வி.

பிரிவி கவுன்சில் பாகவதரும் கிருஷ்ணனும் நிரபராதிகள் என்று சொன்னதாகத்தான் கிழவரின் கதையில் வரும். அது அப்படிச் சொல்லவில்லை. ஹைகோர்ட் முதல் அப்பீலில் 411-ஏ தந்த அதிகாரத்தைக் குறுக்கிப் புரிந்துகொண்டது என்பதே அது கண்ட குறை. ஜூரியின் தீர்ப்பு என்பதற்கு உரிய கனத்தைக் கொடுக்க வேண்டியதுதான். அதற்காக, நிகழ்ச்சியின்மேல் அப்பீல் என்று சட்டம் திறந்துவிட்ட கதவை நீதிபதிகளே சாத்திக்கொள்ளக் கூடாது. ஆகவே வழக்கு திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் சென்னையில் நடந்தது அந்தச் சாட்சியத்தை மறுபடி வாசித்த காரியம். ஆறு பேர் ஒருநாள் கேட்டு நம்பியதை இரண்டு பேர் காகிதத்தில் நிதானமாக வாசித்தார்கள், அது தாங்கவில்லை. இருவரையும் மீட்டது ரசிகர்களின் கண்ணீர் அல்ல, ஒரு சட்டப் பிரிவைச் சரியாக வாசித்தது. இதைச் சொல்வதால் கதையின் கவர்ச்சி குறையலாம்.

*

பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஜூரி. 1959ல் பம்பாயில் கடற்படைக் கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்புகொண்டிருந்த பிரேம் ஆஹூஜாவைச் சுட்டார். எட்டுக்கு ஒன்று என்று ஜூரி குற்றமற்றவர் என்றது. நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960ல் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. இங்கும் பிரதி நீதிபதியின் உரைதான். இம்முறை பிழை எதிர்த் திசையில். சுட்டது தற்செயல் என்று ஒருவன் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு 105ஆம் பிரிவின்படி அவனுடையது. அதை நீதிபதி ஜூரிக்குச் சொல்லவில்லை என்று இரண்டு கோர்ட்டுகளும் கண்டன. விட்டுப்போன ஒரு விளக்கம் ஒரு விடுதலையைக் கலைத்தது. உரையைக் கூர்ந்து வாசிப்பது குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டுமே உதவும் ஆயுதமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜூரியைக் கொன்றது நானாவதி வழக்கு என்று எழுதுகிறார்கள். அது ஏற்கனவே ராஜதானி ராஜதானியாக உதிர்ந்துகொண்டிருந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இலங்கையில் இன்னும் சில வழக்குகளில் ஜூரி உண்டு. சிங்கப்பூர் 1969லும் மலேசியா 1995லும் ஒழித்தன. இங்கே இப்போது நீதிபதி தனக்குத் தானே சட்டத்தைச் சொல்லிக்கொண்டு, காரணங்களையும் தானே எழுதுகிறார். அப்பீல் செய்கிறவனுக்கு இதனால் லாபம்தான். வாசிக்கக் காரணங்கள் கிடைக்கின்றன. 133ஆம் பிரிவின் பழைய இரட்டைக் குரலும் போயிற்று. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அதன் இடத்தில் நிற்கும் பிரிவு, துணைச் சாட்சியம் உள்ள உடந்தையாளியின் வாக்கை வைத்தே தண்டனையைப் பற்றிப் பேசுகிறது. போனது ஒன்று உண்டு. சட்டம் வாரத்தில் ஒருமுறையாவது தன் பாஷையை விட்டு இறங்கி, தன்னைப் படிக்காதவர்களிடம் தன்னைச் சொல்லிக்காட்ட வேண்டிய நிர்ப்பந்தம்.

ஜூரியைப் பற்றிக் கனவு காணவும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உத்திரமேரூர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகளில் குடவோலையில் பெயர் போடத் தகுதிகள் இருக்கின்றன: காணி நிலம், சொந்த மனை, வயது, வேதப் படிப்பு. ஆயிரம் வருஷம் கழித்து ஹைகோர்ட்டின் விசேஷ ஜூரர் பட்டியலுக்கும் பார்க்கச் சொன்னவை சொத்து, குணம், படிப்பு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து இந்த இரண்டு பட்டியலிலும் ஏற முடியாது. தன்னைப் போன்றவர்கள் உட்காராத ஜூரியைப் பற்றித்தான் கிழவர் பேசிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் சொல்ல ஜூரி கேட்கும் என்று அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. அவர் பார்த்த உலகில் மேலிருப்பவன் சொல்ல மற்றவர்கள் கேட்டார்கள்.

*

இந்த வழக்கை நம் போன்ற பத்திரிகைக்காரர்கள் மறந்துவிட முடியாத காரணம் இன்னொன்று. கொல்லப்பட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பணம் பறித்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அதற்கு முன்பே போர்ஜரிக்காகத் தண்டனை அனுபவித்தவர். யுத்தகாலக் காகிதக் கட்டுப்பாட்டில் 'சினிமா தூது'வின் லைசென்ஸை ரத்து செய்யும்படி பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனுக் கொடுத்தார்கள், ரத்தாயிற்று. அவர் 'ஹிந்து நேசன்' என்று வேறு பெயரில் வந்தார். அதே வருஷங்களில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாதுரையின் 'திராவிட நாடு' வந்துகொண்டிருந்தது. ஒரு மனு ஒரு பத்திரிகையை நிறுத்தக்கூடிய காலம் அது என்பதை மஞ்சள் பத்திரிகை என்ற அருவருப்பில் நாம் பார்க்கத் தவறுகிறோம். அந்த மனுவே பிறகு கொலைக்கு நோக்கமாகக் காட்டப்பட்டது. மனுக் கொடுத்தவன் கத்தி கொடுத்தவன் ஆகிவிடமாட்டான் என்ற சாதாரண வித்தியாசத்துக்கு இரண்டு வருஷமும் ஒரு பிரிவி கவுன்சிலும் தேவைப்பட்டன. லக்ஷ்மிகாந்தனை யார் ஏன் கொன்றார்கள் என்ற முழு உண்மை இன்றும் துலங்கவில்லை. அவருக்காக யாரும் பாடவில்லை.

வெளியே வந்த கிருஷ்ணன் 1949ல் அண்ணாதுரை வசனத்தில் 'நல்லதம்பி' எடுத்தார், 1957ல் இறந்தார். பாகவதர் 'ராஜமுக்தி' எடுத்தார். அதற்கு வசனம் எழுதப் புனா போன புதுமைப்பித்தன் க்ஷயரோகத்தோடு திரும்பி 1948 ஜூன் 30ல் இறந்தார். படம் தோற்றது. பாகவதர் 1959 நவம்பர் 1ல் இறந்தார். விடுதலைத் தீர்ப்பு தண்டனையை ரத்து செய்யும். சிறையில் போன வருஷங்களை ரத்து செய்யாது.

கிழவர் போய்ப் பல வருஷங்களாகின்றன. ஒன்று மட்டும் அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். எதிர்த்துச் சொன்ன அந்த மூன்று பேரைப் பற்றி அவர் கதையில் எப்போதும் ஒரு வார்த்தை வந்ததில்லை. அவர்களும் அதே ஜட்ஜ் துரை சொன்னதைத்தான் கேட்டார்கள்.